ஒளித்து வைத்ததை மேலிருந்து படிப்பது எப்படி: இலவச சாட்டிலைட் படங்களை வைத்து ஒரு பயிற்சி

போர்ச் செய்தியோடு சாட்டிலைட் படம் வந்தால் எல்லோரும் விமானத்தையும் டாங்கியையும் தேடுகிறார்கள். நான் தேடுவது, ஒரே இடத்தைப் பற்றி இரண்டு கருவிகள் இரண்டு விதமாகச் சொல்கிற இடத்தை. ஏதாவது மறைத்து வைத்திருந்தால் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

என் பிழைப்பு தொலையுணர்வு. எத்தனை ஏக்கர் நெல், ஏரியில் எவ்வளவு தண்ணீர், கரையை யார் வளைத்துப் போட்டிருக்கிறார்கள் என்று படத்தைப் பார்த்துச் சொல்லும் வேலை. ராணுவத்துக்கும் எனக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஆனால் நாங்கள் வயலுக்குப் பயன்படுத்தும் முறையே ராணுவத்திடமிருந்து வந்ததுதான். இலைக்கும் பச்சைப் பெயின்டுக்கும் வித்தியாசம் காட்டுகிற அகச்சிவப்பு வண்ண ஃபிலிமை இரண்டாம் உலகப் போரில் உருமறைப்பைக் கண்டுபிடிக்கத்தான் உருவாக்கினார்கள். பயிருக்கு வந்தது பிறகு. 1970-இல் பிஷரோட்டி கேரளத்துத் தென்னைகளின் வேர்வாடல் நோயை ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்பு ஃபிலிமில் படமெடுத்தார். இந்தியத் தொலையுணர்வின் கதையை அங்கிருந்துதான் எங்கள் துறையில் தொடங்குவார்கள்.

சரி, வேலைக்கு வருவோம். கம்ப்யூட்டரும் இணையமும் போதும், காசு எதுவும் வேண்டாம்.

முதலில் ஒரு கேள்வி

எந்தப் படத்தைத் திறந்தாலும் முதலில் கேட்க வேண்டியது: இதை யார் கண்ணிலிருந்து மறைத்திருக்கிறார்கள்? 'கண்ணுக்கே தெரியாத விமானம்' என்று செய்தியில் எழுதுவார்கள். ஸ்டெல்த் விமானம் நம் கண்ணுக்கு நன்றாகவே தெரியும். அது ஏமாற்றுவது ரேடாரை, அதிலும் குறிப்பிட்ட அலைவரிசை ரேடார்களை. கணக்கும் அவ்வளவு தாராளமில்லை. ரேடார் எவ்வளவு தூரத்தில் பார்க்கும் என்பது, இலக்கு திருப்பி அனுப்பும் எதிரொலியின் நான்காம் மூலத்தைப் பொறுத்தது. எதிரொலியைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தால் தூரம் பத்தில் ஒன்றாகத்தான் குறையும். 300 கிலோமீட்டரில் தெரிந்தது 30 கிலோமீட்டரில் தெரியும். அந்த 270 கிலோமீட்டர் ஒரு விமானிக்கு உயிர் என்பது வேறு விஷயம்.

1999 மார்ச் 27 இரவு செர்பியாவின் புஜானோவ்சி கிராமத்தருகே அமெரிக்காவின் எஃப்-117 ஸ்டெல்த் விமானம் விழுந்தது இதற்கு நல்ல உதாரணம். சுட்டது எஸ்-125 என்ற பழைய சோவியத் ஏவுகணை, அந்தப் படைப்பிரிவின் தலைவர் ஸோல்டான் டானி. அவர்களிடம் இருந்த பி-18 தேடல் ரேடார் மீட்டர் நீள அலையில் வேலை செய்வது. எஃப்-117 உடலின் தட்டையான சாய்முகங்களும் பூச்சும் முக்கியமாகச் சென்டிமீட்டர் அலை ரேடார்களை மனதில் வைத்துச் செய்தவை. அன்று வானிலை மோசம், ஜாமிங் விமானங்களின் துணையும் இல்லை. டானி தன்னையும் ஒளித்துக்கொண்டார் என்பது எனக்கு இன்னும் சுவாரஸ்யம். குறிபார்க்கும் ரேடாரைச் சில வினாடிகளுக்கு மேல் ஆன் செய்து வைக்க அவர் விடமாட்டார். சுட்டதும் மொத்தப் பட்டாளமும் இடம் மாறிவிடும். இரண்டு பக்கமும் ஒளிந்துகொண்டு ஆடிய ஆட்டம் அது.

இன்றைய போரில் ஒரு கருவி பார்த்ததை இன்னொன்று உடனே சரிபார்க்கிறது. ட்ரோன், சாட்டிலைட், ரேடியோ ஒட்டுக்கேட்பு எல்லாம் ஒரே திரைக்கு வந்து சேர்கின்றன. அதனால் ஒரு கண்ணை மட்டும் ஏமாற்றுகிற மறைப்பு அரைகுறை. நாம் வீட்டில் செய்யப் போவதும் அந்தச் சரிபார்ப்பின் சின்ன வடிவம்தான்.

பயிற்சிக்கு முன் ஒரு கறார்

இந்திய ராணுவத் தளங்களை வைத்துப் பழகாதீர்கள். சட்டச் சிக்கல் ஒரு பக்கம், அவசியமும் இல்லை. 2025 ஏப்ரலில் படை நகர்வுகளை நேரலையில் காட்ட வேண்டாம் என்று மத்திய அரசு ஊடகங்களுக்கே அறிவுறுத்தியது. எந்த நாடானாலும் இன்று நடக்கும் நகர்வைப் பதிவிடுவது யாராவது ஒருவரின் உயிரோடு விளையாடுவது. ஏற்கெனவே பத்திரிகைகளில் அலசப்பட்ட பழைய தேதிகள் ஏராளமாக இருக்கின்றன. அவற்றில் விடையும் தெரிந்திருப்பதால் நாம் சொன்னது சரியா என்று பார்த்துக்கொள்ளவும் முடியும்.

பச்சையை நம்பாதீர்கள்

பிரவுசரில் 'கோப்பர்நிகஸ் பிரவுசர்' தளத்தைத் திறங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் சென்டினல் சாட்டிலைட் படங்கள் அங்கே இலவசம். சென்டினல்-2 எல்2ஏ என்பதைத் தேர்ந்தெடுத்து, மேகமில்லாத ஒரு தேதியைப் பிடியுங்கள். ஒரு பிக்சல் 10 மீட்டர். இரண்டு சாட்டிலைட்கள் சேர்ந்து ஓர் இடத்துக்கு 5 நாளுக்கு ஒருமுறை வரும்.

முதல் பயிற்சிக்கு சென்னை சேப்பாக்கம் மைதானத்துக்குப் போங்கள். உண்மை நிறத்தில் பச்சை. இப்போது லேயர் பட்டியலில் 'ஃபால்ஸ் கலர்' அழுத்துங்கள். புல் பளீரென்று சிவப்பாக மாறும். உயிருள்ள இலை கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பில் ஒளியை அள்ளித் திருப்பி அனுப்புகிறது, அந்த அலைப்பகுதியை, அதாவது பேண்டைத்தான் இங்கே சிவப்பு நிறமாகக் காட்டுகிறார்கள். அடுத்து உங்கள் ஊரில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் 'டர்ஃப்' ஒன்றைத் தேடுங்கள். ஃபுட்பால் ஆடுகிற அளவுக்குப் பெரியதாகப் பாருங்கள், சின்ன டர்ஃப் நாலைந்து பிக்சலில் கரைந்துவிடும். உண்மை நிறத்தில் பச்சை, ஃபால்ஸ் கலரில் சிவப்பே இருக்காது. கேமராவுக்கும் கண்ணுக்கும் ஒரே பச்சை, அகச்சிவப்புக்கு ஒன்று செடி, இன்னொன்று பிளாஸ்டிக்.

இதில் இன்னொரு படி இருக்கிறது. வாகனத்தின் மேல் மரக்கிளைகளை வெட்டிப் போடுவது உலகம் முழுக்க உள்ள பழைய பழக்கம். வெட்டிய கிளை முதல் நாள் சிவப்பாகத்தான் தெரியும். நாள் ஆக ஆக இலை நீரை இழக்கும். அதே பட்டியலில் 'மாய்ஸ்சர் இண்டெக்ஸ்' லேயரைப் போட்டு, ஒரே இடத்தின் அடுத்தடுத்த தேதிகளை ஒப்பிடுங்கள். சுற்றியுள்ள தோப்பு அப்படியே இருக்க, நடுவில் ஒரு திட்டு மட்டும் வாடினால் அதற்கு ஒரு காரணம் வேண்டும். அது படையாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. என் வேலையில் அப்படி வாடுகிற திட்டுகள் அனேகமாக மரம் வெட்டினவை, இல்லாவிட்டால் புதிதாக லேஅவுட் போட்டவை.

இந்தத் தந்திரத்தின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். ஸ்வீடனின் சாப் நிறுவனம் செய்யும் 'பாரகுடா' போன்ற வலைகள் கண்ணுக்கு, அண்மை அகச்சிவப்புக்கு, வெப்பத்துக்கு, ரேடாருக்கு என்று பல பேண்டுகளில் பின்னணியோடு ஒத்துப்போகும்படி செய்தவை. அதோடு ஒரு டாங்கியின் அகலம் மூன்றரை மீட்டர் அளவுதான். 10 மீட்டர் பிக்சலில் வலையே இல்லாத டாங்கிகூடத் தெரியாது. சென்டினல்-2 படத்தில் டாங்கியைக் கண்டேன் என்று யாராவது வட்டம் போட்டுக் காட்டினால் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

நிழலும் வண்ணப் பேயும்

பெரிய விமானங்கள் கதை வேறு. ரஷ்யாவின் டியூ-95 குண்டுவீச்சு விமானத்தின் இறக்கை 50 மீட்டர். சென்டினல்-2-இல் ஐந்து பிக்சல், அதாவது ஒரு சிலுவை மாதிரியான மங்கல் புள்ளி. 2023-இல் எங்கெல்ஸ் விமானத் தளத்தில் தரையிலேயே டியூ-95 உருவங்களை வரைந்து வைத்தார்கள். உண்மையான விமானங்களின் இறக்கை மேல் வண்டி டயர்களை அடுக்கினார்கள். தரை ஓவியம் சாட்டிலைட் படத்தை எண்ணுகிறவரைக் குழப்ப. டயர்கள் பெரும்பாலும், சேமித்து வைத்த படத்தோடு ஒப்பிட்டு இலக்கைத் தேடும் ஏவுகணையைக் குழப்பத்தான் என்று கணிக்கிறார்கள். இரண்டு மறைப்பு, இரண்டு வெவ்வேறு கண்கள்.

ஓவியத்துக்கு நிழல் விழாது. இதைப் பார்க்க 10 மீட்டர் பிக்சல் பத்தாது, செய்திகளில் வெளியாகும் 30 அல்லது 50 சென்டிமீட்டர் வணிகப் படம் வேண்டும். நிழலின் நீளத்தைச் சூரியனின் ஏற்றக் கோணத்தின் டேஞ்சன்டால் பெருக்கினால் பொருளின் உயரம். கோணம் 45 டிகிரி என்றால் நிழலும் உயரமும் ஒன்று, மனக்கணக்கே போதும். வரிசையாக நிற்கும் பத்து விமானங்களில் எட்டுக்கு வாலின் நிழல் ஒரே பக்கம் நீண்டிருக்க, இரண்டு மட்டும் தட்டையாக இருந்தால் அந்த இரண்டையும் எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.

பறக்கிற விமானம் இன்னும் வேடிக்கை. சாட்டிலைட் கேமரா சிவப்பு, பச்சை, நீல பேண்டுகளை ஒரே கணத்தில் எடுப்பதில்லை. சென்டினல்-2-இல் நீலத்துக்கும் சிவப்புக்கும் நடுவே சுமார் ஒரு வினாடி இடைவெளி. அதற்குள் ஜெட் விமானம் 200 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். ஆகவே ஒரே விமானம் நீலம், பச்சை, சிவப்பு என்று மூன்று பேய்களாக வரிசையில் பதியும். பரபரப்பான ஒரு பயணிகள் விமான நிலையத்தின் பக்கம் கொஞ்ச நேரம் மேய்ந்தால் ஒன்று கட்டாயம் மாட்டும். நிற்கும் விமானத்தில் இது வராது. 2021 டிசம்பரில் மிசூரி மாநிலத்து வயல்களுக்கு மேலே பறக்கும் பி-2 ஒன்றை கூகுள் மேப்பில் யாரோ கண்டுபிடித்து ஊரெல்லாம் பேசினார்கள். அந்தப் படத்திலும் ஓரங்களில் இந்த வண்ண விலகல் இருந்தது. உலகத்தின் மிக விலையுயர்ந்த ஸ்டெல்த் விமானம் பட்டப்பகலில், சோளக்காட்டுக்கு மேலே. ரேடாருக்குச் செய்த மறைப்பு கேமராவுக்கு உதவாது என்பதற்கு இதைவிட நல்ல படம் நான் பார்த்ததில்லை.

ரேடார் படம்

இப்போது சென்டினல்-1. இது தானே அலையை அனுப்பி எதிரொலியைப் பதிவு செய்யும் ரேடார் சாட்டிலைட். மேகம், இரவு எதுவும் தடையில்லை. பட்டியலில் 'ஐடபிள்யூ', 'விவி' என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். கறுப்பு வெள்ளையில் பொரிப்பொரியாக ஒரு படம் வரும். முதலில் அசிங்கமாகத்தான் இருக்கும், கண் பழகும் வரை பொறுங்கள். சிங்கப்பூர் கடற்பரப்பைத் திறந்தால் நங்கூரம் போட்ட கப்பல்கள் கறுப்புத் தண்ணீரில் வெள்ளைப் பொட்டுகளாகக் கொட்டிக் கிடக்கும்.

2023-இல் ரஷ்யக் கருங்கடல் படையின் அட்மிரல் எஸ்ஸன் கப்பலின் முன்முனையையும் பின்முனையையும் கறுப்பாகப் பூசினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கப்பல் குட்டையாகத் தெரியும், வேறு வகைக் கப்பலோ என்று ட்ரோன் ஓட்டுகிறவர் ஒரு நொடி தடுமாறலாம். ரேடார் படத்துக்குப் பெயின்ட் பொருட்டே இல்லை. இரும்பு இரும்புதான். சுமார் 125 மீட்டர் நீளம், பத்துப் பன்னிரண்டு பிக்சல். ஒளிப்படத்தில் அளந்த நீளமும் ரேடாரில் அளந்த நீளமும் ஒத்துப்போகாவிட்டால் குறித்து வையுங்கள்.

ரேடாரையும் ஏமாற்றலாம். மூன்று உலோகத் தகடுகளை ஒரு மூலைபோலச் சேர்த்து வைத்தால், வந்த அலை வந்த திசைக்கே திரும்பும், சைக்கிளின் பின்பக்கச் சிவப்பு ரிஃப்ளெக்டர் மாதிரி. சின்னத் தகடு, படத்தில் பெரிய வெளிச்சம். 2022 ஜூலையில் கெர்சோன் நகரத்தின் அன்டோனிவ்ஸ்கி பாலத்தருகே நீப்ரோ ஆற்றில் ரஷ்யப் படை இப்படிப்பட்ட பிரமிடுகளை மிதக்க விட்டது. ரேடாரால் இலக்கைத் தேடும் ஏவுகணை வந்தால் குழம்பியிருக்கலாம். பாலத்தை அடித்த ஹைமார்ஸ் ராக்கெட்டுகள் ஜிபிஎஸ் ஆயத்தொலைவைப் பின்பற்றி வருபவை. அவற்றுக்கு ரிஃப்ளெக்டர் தெரியவும் தெரியாது, தேவையும் இல்லை. பாலம் ஓட்டை விழுந்து போனது. ஆகவே ரேடார் படத்தில் பளிச்சென்ற புள்ளியைப் பார்த்துப் பொருளின் அளவை முடிவு செய்யாதீர்கள். அதே நாளின் ஒளிப்படத்தில் அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

அடர்ந்த மரக்கூரைக்குள் சென்டினல்-1 நுழையாது, அதன் அலைநீளம் ஐந்தரை சென்டிமீட்டர்தான். நீள அலை ஆழமாகப் போகும். 2025 ஜூலை 30-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நிசார் சாட்டிலைட்டில் நாசா செய்த எல்-பேண்ட் சுமார் 24 சென்டிமீட்டர். காட்டின் எடையையும் நிலநடுக்கத்தையும் அளக்கச் செய்தது, ஆனால் மரத்தடியில் எதையாவது நிறுத்தி வைப்பவர்களும் இனி இதைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன்.

பேசினால் மாட்டிக்கொள்ளும்

எனக்குப் பிடித்த பகுதி இது. சென்டினல்-1 படத்தில் சில இடங்களில் குறுக்கே கோடு கோடாகப் பட்டை விழும். கருவிக் கோளாறு என்று தள்ளிவிடத் தோன்றும். 2018-இல் ஹரேல் டான் என்ற இஸ்ரேலிய ஆய்வாளர் மத்திய கிழக்கின் படங்களைக் குவித்துப் பார்த்தபோது பட்டைகள் ஒன்றையொன்று வெட்டிப் பெருக்கல் குறி போட்டன. சென்டினல்-1 வேலை செய்வது 5.4 கிகாஹெர்ட்ஸ் அளவில். பேட்ரியாட் ஏவுகணைப் படைப்பிரிவின் ரேடாரும் அதே பக்கத்து அலைவரிசையில் கத்துகிறது. சாட்டிலைட் மேலே போகும்போது அந்தக் கத்தல் படத்தில் பட்டையாகப் பதிகிறது. வடக்கு நோக்கிப் போகும் பாதையில் ஒரு சாய்வு, தெற்கு நோக்கி வரும் பாதையில் மறு சாய்வு. இரண்டும் வெட்டும் இடத்தின் சுற்றுப்புறத்தில் ரேடார்.

செய்து பார்க்க எளிய வழி உண்டு. பெல்லிங்கேட் அமைப்பு இதற்கென்றே 'ரேடார் இன்டர்ஃபியரன்ஸ் டிராக்கர்' என்ற இலவசக் கருவியை 2022-இல் வெளியிட்டது. ஓர் இடத்தைச் சொடுக்கினால் எந்தெந்த மாதம் பட்டை கூடியது என்று வரைபடம் காட்டும். துல்லியத்தை எதிர்பார்க்காதீர்கள், பல கிலோமீட்டர் அகலப் பட்டை அது. கப்பல் ரேடாரும் வானிலை ரேடாரும்கூட இப்படி விழும். ஆனால் வலை போர்த்தி, பெயின்ட் அடித்து, கிளை வெட்டிப் போட்டு ஒளித்த ஒரு ரேடார், ஆன் செய்ததும் தன்னைத்தானே அறிவித்துவிடுகிறது. டானி சில வினாடிகளில் அணைத்தது இதனால்தான்.

மனிதர்களுக்கும் இதே விதி. 2018 ஜனவரியில், ஓட்டப்பயிற்சியைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலியின் உலக வரைபடத்தில் பாலைவன நடுவே ராணுவ முகாம்களின் வட்டப் பாதைகள் மின்னின. 2023 புத்தாண்டு இரவு உக்ரைனின் மகிய்வ்காவில் தங்கியிருந்த ரஷ்யச் சிப்பாய்கள் உக்ரைன் தாக்குதலில் கொத்தாக இறந்தபோது, செல்போன் பயன்படுத்தியதே காரணம் என்று ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம் சொன்னது. தங்கள் அதிகாரிகளின் பொறுப்பை மறைக்கச் சொன்னதாகவும் இருக்கலாம். போன் ஆபத்து என்பது மட்டும் பொய்யில்லை.

எப்போது எடுத்த படம்

நேரத்தையும் மறைப்பாகப் பயன்படுத்தலாம். 1995 டிசம்பரில் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனைக்கு நடந்த ஆயத்தங்களை அமெரிக்கச் சாட்டிலைட்டுகள் பார்த்துவிட்டன, அழுத்தம் வந்தது, சோதனை நின்றது. 1998-இல் 58-ஆவது எஞ்சினியர் ரெஜிமென்ட் பெரும்பாலும் இரவில் வேலை செய்தது. விடிவதற்குள் புல்டோசர்களும் லாரிகளும் முந்தைய நாள் நின்ற அதே இடத்துக்குத் திரும்பிவிடும். தோண்டிய மண்ணை, காற்று குவித்த மணல்மேடு போலவே ஒதுக்கினார்கள். கலாம் 'மேஜர் ஜெனரல் பிருத்விராஜ்', சென்னைக்காரரான ஆர். சிதம்பரம் 'மேஜர் ஜெனரல் நட்ராஜ்' என்று ராணுவ உடுப்பில் வந்து போனார்கள். மே 11 மதியம் வெடித்த பிறகுதான் வாஷிங்டனுக்குத் தெரிந்தது.

இதிலிருந்து நமக்கு வேண்டியது: படம் எடுத்த மணியைப் பாருங்கள். சென்டினல்-2 எந்த ஊரிலும் உள்ளூர் சூரிய நேரம் காலை பத்தரை வாக்கில்தான் கடக்கும். பத்தரை மணிப் படங்களை வருடம் முழுக்க அடுக்கி வைத்து 'இங்கே ஒன்றும் நடக்கவில்லை' என்று சொல்வது, நடப்பது தெரியாமல் பேசுவது. சென்டினல்-1 விடியற்காலையிலும் மாலையிலுமாகக் கடக்கிறது, இரண்டையும் கலந்து பாருங்கள். அப்புறம், பொருளைவிடத் தடத்தைப் பாருங்கள். லாரி இரவில் வந்து இரவில் போகலாம், சேற்றில் விழுந்த சக்கரத் தடம் பத்தரை மணிக்கும் அங்கேயே இருக்கும். ஊதிப் பெருக்கும் ரப்பர் டாங்கி போன்ற டம்மிகளை உக்ரைன் போரில் இரு பக்கமும் நிறுத்தினார்கள், பலகையில் செய்த ஹைமார்ஸ் டம்மிகளை உக்ரைன் பக்கம் நிறுத்தினார்கள். நிழல்கூடச் சரியாக விழும். ஆனால் ரப்பர் டாங்கி மண்ணைக் கிழித்துக்கொண்டு வந்து நிற்பதில்லை, பக்கத்தில் டீசல் லாரி வருவதில்லை. கெட்டிக்காரர்கள் தடத்தையும் செயற்கையாகப் போட்டுவிடுகிறார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

எழுதி வைக்கும் விதம்

பிரவுசரில் 'கம்பேர்' வசதியில் இரண்டு படங்களை வைத்து நடுக்கோட்டை இழுத்துப் பார்க்கலாம். வித்தியாசம் கண்ணில் பட்டதும் படத்தைச் சேமித்து, பெயரில் தேதி, மணி, சாட்டிலைட், பேண்ட் நான்கும் வரும்படி வையுங்கள். கீழே குறிப்பை இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதுங்கள். முதலாவதில் கண்டது மட்டும்: 'மே 4, 10.40, சென்டினல்-2, ஃபால்ஸ் கலரில் 40 மீட்டர் அகலத் திட்டில் சிவப்பு இல்லை. ஏப்ரல் 24-இல் இருந்தது. ரேடாரில் மாற்றம் இல்லை.' இரண்டாவதில் ஊகம், கூடவே குறைந்தது ஒரு சாதாரணக் காரணம்: 'அறுவடை, கட்டுமானம், தீ.' தீயா என்று பார்க்க நாசாவின் ஃபிர்ம்ஸ் தளத்தில் அந்த நாட்களின் வெப்பப் புள்ளிகளைப் போட்டுப் பாருங்கள், 375 மீட்டர் பிக்சல்தான், ஆனாலும் பெரிய தீ என்றால் பெரும்பாலும் காட்டிவிடும். சாதாரணக் காரணம் எதையும் தள்ள முடியாவிட்டால் இரண்டாவது பத்தியைக் காலியாக விட்டுவிட்டு, ஐந்து நாள் கழித்து வரும் அடுத்த படத்துக்காகத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.